புது டிஸ்டிலரி போர்பன்: இளசா, பிசகா?

கேள்வி: சின்சினாட்டியில் வேலை பார்க்கிறேன். ஸ்காட்ச் பழக்கம் உண்டு, போர்பன் என்ற அமெரிக்க மக்காச்சோள விஸ்கியின் பக்கம் வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. பெரிய கம்பெனி பாட்டில்கள் பிடித்திருக்கின்றன. ஆனால் புதிதாகத் தொடங்கிய சிறு டிஸ்டிலரிகளின் போர்பனோ, ரை தானியத்தில் காய்ச்சும் ரை விஸ்கியோ வாங்கினால் பாதி நேரம் ஏமாற்றம்தான். போன மாதம் வாங்கிய ஒன்று மூக்கருகே போனாலே தச்சுப்பட்டறை நெடி அடிக்கிறது. "அது இளசு, அப்படித்தான் இருக்கும், உனக்கு ருசிக்கத் தெரியவில்லை" என்கிறார் நண்பர். சரக்கு மோசமா, என் நாக்கு மோசமா?

பதில்: நாக்கின் மேல் பழி போடாதீர்கள். தச்சுப்பட்டறை நெடியைக் கண்டுபிடித்த மூக்கு நல்ல மூக்குதான். நண்பர் சொல்லும் 'இளசு' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன: தானியத்தின் பச்சை வாசம், மரத்தின் முரட்டுத்தனம், காய்ச்சியவரின் கைப்பிசகு. முதலாவது வருடம் போகப் போகத் தணியும். இரண்டாவது வருடம் போகப் போகக் கூடவும் கூடும். மூன்றாவதை எந்தப் பீப்பாயும் சரிசெய்யாது. இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லப் பழகிவிட்டால் புது டிஸ்டிலரி பாட்டிலில் காசு வீணாவது பாதி குறையும்.

மூடியைத் திறக்குமுன் பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். முன்பக்கத்தில் தாத்தாவின் ரெசிபி, ஆற்றங்கரை ஊற்றுநீர் என்று கதை இருக்கும். பின்பக்கத்துப் பொடி எழுத்துதான் ஜாதகம். 'டிஸ்டில்டு பை' என்று டிஸ்டிலரியின் பெயர் இருந்தால் அவர்களே காய்ச்சியது. 'பாட்டில்டு பை', 'புரொட்யூஸ்டு பை' என்று மட்டும் இருந்தால் வெளியே வாங்கி நிரப்பியதாக இருக்கலாம். லேபிளில் உள்ள முகவரி ஒரு மாநிலம், காய்ச்சியது வேறு மாநிலம் என்றால், காய்ச்சிய மாநிலத்தையும் குறிப்பிட வேண்டும் என்பது சட்டம். அந்த இடத்தில் 'இண்டியானா' என்று அடிக்கடி பார்ப்பீர்கள். உங்கள் ஊரிலிருந்து ஒஹையோ ஆற்றோடு கொஞ்சதூரம் போனால் வரும் லாரன்ஸ்பர்க்தான் அது. சீக்ராம் மதுபான நிறுவனத்தின் பழைய ஆலை, பிறகு எம்.ஜி.பி. என்ற நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2021 முதல் ராஸ் அண்ட் ஸ்க்விப் என்ற பெயரில் நடக்கிறது. 95 சதவீதம் ரை, 5 சதவீதம் முளைகட்டிய பார்லி என்ற அவர்களுடைய கலவை 'கிராஃப்ட்', அதாவது சிறு ஆலைச் சரக்கு என்று விற்கும் எத்தனையோ ரை பாட்டில்களுக்குள் இருக்கிறது. (கென்டக்கியிலும் ஒரு லாரன்ஸ்பர்க் உண்டு. வைல்ட் டர்க்கி, ஃபோர் ரோசஸ் என்ற போர்பன் ஆலைகள் அங்கே. நானே ஒருமுறை வரைபடத்தில் தவறான ஊரைத் தட்டியிருக்கிறேன்.)

வாங்கிக் கலப்பது குற்றமில்லை. யூட்டாவின் ஹை வெஸ்ட் டிஸ்டிலரி அதை வெளிப்படையாகச் சொல்லியே பெயர் வாங்கியது. ஆனால் புது டிஸ்டிலரி எப்படிக் காய்ச்சுகிறது என்று தெரிந்துகொள்ள நினைப்பவருக்கு அந்த பாட்டில் பதில் சொல்லாது.

அடுத்து வயது. நான்கு வருடத்துக்குக் குறைந்த விஸ்கியென்றால் வயதை லேபிளில் போட்டாக வேண்டும். 'ஸ்ட்ரெய்ட்' என்றால் குறைந்தது இரண்டு வருடம். ஸ்ட்ரெய்ட் என்று போட்டு வயது போடவில்லையென்றால் நான்கு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். 'பாட்டில்ட் இன் பாண்ட்' என்பது 1897ஆம் ஆண்டுச் சட்டம் தந்த முத்திரை: ஒரே டிஸ்டிலரி, ஒரே பருவத்தில் காய்ச்சியது, அரசுக் கண்காணிப்புள்ள கிடங்கில் குறைந்தது நான்கு வருடம், 100 ப்ரூஃப், அதாவது 50 சதவீத ஆல்கஹால். புது டிஸ்டிலரிகளைப் பொறுத்தவரை நான் முதலில் தேடுவது இந்த முத்திரையைத்தான். நான்கு வருடம் காசைப் பீப்பாயில் முடக்கிவிட்டுக் காத்திருந்தவர் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆற்றுக்கு எதிர்க்கரையில், நியூபோர்ட்டில் இருக்கும் நியூ ரிஃப் 2014இல் தொடங்கி, சொந்த போர்பனை 2018இல்தான் வெளியே விட்டது. 65 சதவீதம் மக்காச்சோளம், 30 சதவீதம் ரை, 5 சதவீதம் முளைகட்டிய பார்லி. சரக்கு கலங்காமலிருக்கக் குளிரூட்டி வடிகட்டுவதும் கிடையாது. பாலத்தைத் தாண்டினால் கிடைக்கிறது, உங்கள் அளவுகோலாக அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கிளாஸ். வாய் குறுகிய கிளென்கேர்ன் வகை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் சின்ன வைன் கிளாஸ் போதும். 15 மி.லி. ஊற்றிப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். அன்று வீட்டில் தாளிப்பு வேண்டாம், ஊதுபத்தி வேண்டவே வேண்டாம். ஒருமுறை பக்கத்து அறையில் சாம்பிராணி போட்டிருந்த வீட்டில் உட்கார்ந்து, நாலு விஸ்கிக்கும் 'புகை வாசம்' என்று எழுதிவைத்தவன் நான். பிரியாணி சாப்பிட்டுவிட்டு ருசிபார்ப்பதும் வீண். சாப்பாட்டுக்கு முந்தைய நேரம்தான் சரி. மூக்கைக் கிளாசுக்குள் நுழைக்காமல் விளிம்புக்குச் சற்று மேலே வைத்து, வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள், ஆல்கஹாலின் சுருக்கு குறையும். மூக்கு மரத்துப்போனால் உங்கள் முழங்கை மடிப்பை ஒருமுறை முகர்ந்துவிட்டு மறுபடி வாருங்கள்.

முதல் மிடறைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது வாய்க்கு முன்னறிவிப்பு மட்டும். இரண்டாவது மிடறை நாக்கு முழுவதும் புரளவிட்டு, விழுங்கியதும் மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். ருசியில் பெரும்பகுதி அங்கேதான் தெரியும்.

பச்சைத் தானியம், மரம், பிசகு மூன்றும் எப்படி வித்தியாசப்படும்? ஒரு சிறு டிஸ்டிலரியில் ஒரே கலவையை மூன்று நிலையில் வரிசையாக வைத்துக் கொடுத்தார்கள். பீப்பாயே பார்க்காத வெள்ளைச் சரக்கில் குக்கரைத் திறந்ததும் வரும் அவித்த சோளக்கதிர் வாசம், பின்னால் கொஞ்சம் வாழைப்பழம். பதினான்கு மாதத்தில் அதே சோளம் மாவாகிவிட்டது. மேலே பச்சைப் பலகை நெடி ஒட்டாமல் தனியாக மிதந்தது. நான்கு வருடத்தில் சோளத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. முன்னால் வந்தது வெனிலாவும், பால்கோவா கிளறும்போது அடிப்பிடித்த இடத்தின் கருகல் இனிப்பும்தான். சோளமாவு, பிசைந்த மாவு, புளித்த மாவு வாசம் வந்தால் அது தானியத்தின் இளமை. எனக்கு அது பிடிக்கும்கூட. சுத்தமாகக் காய்ச்சியிருந்தால் இரண்டு வயது விஸ்கியில் அது அழகு. சிகாகோவின் கோவல், போர்பனில் மக்காச்சோளத்துக்குத் துணையாக ரைக்குப் பதில் சிறுதானியம் சேர்க்கிறது. தானிய ருசி முன்னால் நிற்பதுதான் அதன் குணம். பத்து வயது கென்டக்கி போர்பனை மனதில் வைத்துக்கொண்டு அதைக் குறை சொல்வது சரியாகாது.

மரத்தின் கதை வேறு. போர்பன் எப்போதும் புதிய, உட்புறம் கருக்கிய ஓக் மரக் கொள்கலத்தில்தான் கிடக்க வேண்டும். வழக்கமான பீப்பாய் 53 கேலன், சுமார் 200 லிட்டர். அவசரக்காரர்கள் 5 கேலன் பீப்பாயில் போடுவார்கள். அதில் ஒவ்வொரு லிட்டர் சரக்கும் இரண்டு மடங்குக்கும் அதிகமான மரப்பரப்பைத் தொடுகிறது. நிறமும் துவர்ப்பும் மாதக் கணக்கில் இறங்கிவிடும். ஆனால் காற்று மெல்ல உள்ளே போய்ச் சரக்கைப் பக்குவப்படுத்தும் வேலைக்கு வருடக் கணக்குதான். கென்டக்கியின் பெரிய டிஸ்டிலரியான பஃபலோ ட்ரேஸ் 2006இல் 5, 10, 15 கேலன் பீப்பாய்களில் நிரப்பிப் பார்த்துவிட்டு, 2012இல் அந்தச் சோதனை தோற்றது என்று தானே அறிவித்தது. நியூயார்க்கின் டட்ஹில்டவுன் சின்னப் பீப்பாயோடு நிற்காமல், கிடங்கில் ஒலிபெருக்கி வைத்து பாஸ் இசையால் பீப்பாய்களை அதிர வைத்தும் பார்த்தது. அந்தத் துணிச்சலை நான் ரசிக்கிறேன், ருசியை அவ்வளவாக அல்ல. நிறம் கறுப்பாக இருந்து, வாயில் கொட்டைப்பாக்கை மென்றதுபோல் நாக்கு வறண்டு இழுத்தால், அது சின்னப் பீப்பாயின் கையெழுத்தாக இருக்கலாம். டெக்சாஸ் விஸ்கிக்கும் வெயில் காரணமாக மரம் தூக்கலாக வரும். ஆனால் வேகோவில் உள்ள பால்கோனிஸ் போன்ற இடங்களின் நல்ல பாட்டில்களில் மரத்தோடு இனிப்பும் எண்ணெய்ப்பசையும் சேர்ந்தே வரும். வறட்சி மட்டும் தனியாக நின்றால் யோசியுங்கள்.

பிசகு என்பது காய்ச்சும்போது எங்கே வெட்டினார்கள் என்பதில் இருக்கிறது. முதலில் வருவது ஹெட்ஸ், கடைசியில் வருவது டெயில்ஸ், நடுப்பகுதியைத்தான் எடுக்க வேண்டும். புதுக் கை பேராசையில் இரண்டு பக்கமும் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துவிடும். நெயில் பாலிஷ் ரிமூவர் வாசம் பத்து நிமிடத்துக்குப் பிறகும் அசையாமல் நின்றால் ஹெட்ஸ். மழைக்காலத்தில் காயாத துணி, நனைந்த அட்டைப்பெட்டி, விழுங்கியபின் அடித்தொண்டையில் ஒட்டும் கசப்பு என்றால் டெயில்ஸ். இந்த இரண்டில் ஏதாவது இருந்தால் அந்த டிஸ்டிலரியின் பெயரைக் குறித்துவைத்துக்கொண்டு மூன்று வருடம் கழித்துத் திரும்பி வாருங்கள். கை பழகியிருக்கலாம்.

ரைக்குக் காது கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும். (சிலர் ரையைக் கம்பு என்கிறார்கள். இல்லை, அது கோதுமைக்கு உறவான வேறு தானியம்.) சட்டப்படி 51 சதவீதம் ரை இருந்தால் போதும். கென்டக்கியின் பழைய பாணி அந்த எல்லையை ஒட்டியே நிற்கும், அதனால் போர்பன் இனிப்பும் கூடவே வரும். ரிட்டன்ஹவுஸ் நல்ல உதாரணம். நியூயார்க்கின் 'எம்பயர் ரை' முத்திரைக்கு அந்த மாநிலத்தில் விளைந்த ரை 75 சதவீதமாவது வேண்டும். 95 சதவீதத்துக்குப் போனால் சதகுப்பை, புதினா, மிளகு எல்லாம் பச்சையாகவே வந்து நிற்கும். முதல்முறை குடிப்பவர் கஷாயம் என்று ஒதுக்கிவிடுவார். அது குறையல்ல, தானியத்தின் குணம். ரை சின்ன வயதிலேயே பேசத் தொடங்கிவிடும், அதனால் இரண்டு வயது போர்பனைவிட இரண்டு வயது ரையில் காசு போடுவதே புத்திசாலித்தனம் என்பது என் கணக்கு. ஒரு எச்சரிக்கை: போர்பனில் தண்ணீரைத் தவிர எதையும் சேர்க்கக்கூடாது. 'ஸ்ட்ரெய்ட்' என்ற சொல் இல்லாத ரையில் நிறமும் சுவையூட்டியும் கொஞ்சம் சேர்க்கச் சட்டம் இடம்கொடுக்கிறது. ரை வாங்கும்போது அந்த ஒரு சொல்லைத் தேடுங்கள்.

காட்டத்தையும் இளமையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 60 சதவீதச் சரக்கு எந்த வயதிலும் எரியும். 25 மி.லி.யில் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. தண்ணீர் விட்டால் 50 சதவீதத்துக்கு வந்துவிடும். சொட்டுச் சொட்டாக விட்டு இடையிடையே முகருங்கள். 2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் கணினி மாதிரியில் பார்த்தபோது, புகைமணம் தரும் குவாயகால், 59 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹாலுக்குள் புதைந்துகிடந்தது. 45 சதவீதத்துக்குக் கீழே மேற்பரப்புக்கு வந்தது. நம் வேலைக்கு இதன் பயன் எளிது: தண்ணீர் விட்டதும் இனிப்பும் மணமும் மேலே வந்தால் அதுவரை தொந்தரவு செய்தது காட்டம். தண்ணீர் விட்டதும் அட்டைப்பெட்டி மேலே வந்தால் பிசகு.

தனியாக ஒரு கிளாசை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். அதே வலிமையில் தெரிந்த ஒன்றை அருகில் வையுங்கள். 50.5 சதவீத வைல்ட் டர்க்கி 101 எங்கும் கிடைக்கும். மனைவியோ நண்பரோ ஊற்றித் தரட்டும், கிளாசின் அடியில் எண் ஒட்டுங்கள், எது எதுவென்று உங்களுக்குத் தெரிய வேண்டாம். பாட்டிலின் விலை தெரிந்த நாக்கு பொய் சொல்லும். நாலு கிளாஸ், தலா 15 மி.லி. என்றால் அதுவே கிட்டத்தட்ட இரண்டு முழு டிரிங்க். துப்புவதற்கு ஒரு கப் வையுங்கள், அன்று கார் சாவியைத் தொடாதீர்கள்.

உங்கள் தச்சுப்பட்டறை பாட்டிலுக்கு வருவோம். லேபிளில் வயதைப் பாருங்கள். இரண்டு வருடத்துக்குக் கீழே இருந்து நிறம் மட்டும் கறுத்திருந்தால் சின்னப் பீப்பாய் என்றே சந்தேகிப்பேன். கால்வாசி குடித்திருந்தால் மூடி ஒரு மாதம் வையுங்கள், முனை கொஞ்சம் மழுங்கலாம். பிறகு 15 மி.லி.க்கு அரை டீஸ்பூன் தண்ணீர் விட்டுப் பாருங்கள். அப்போதும் பலகைதான் என்றால் ஒரு சர்க்கரைக்கட்டி, இரண்டு சொட்டு பிட்டர்ஸ் (கசப்பு மூலிகைச் சாறு), ஆரஞ்சுத் தோலோடு ஓல்ட் ஃபேஷன்ட் காக்டெயில் போட்டுத் தீர்த்துவிடுங்கள். துவர்ப்பு அங்கே அடங்கிவிடும். கடைசியாக, கிளாசைக் கழுவாமல் இரவு முழுக்க மேசையில் விட்டு, காலையில் காபிக்கு முன் முகர்ந்து பாருங்கள். வெனிலாவும் கிராம்பும் மிச்சமிருந்தால் அந்த டிஸ்டிலரியின் அடுத்த பாட்டிலுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம். வெறும் ஈரப் பலகை என்றால் வேண்டாம், நியூபோர்ட் பாலத்தைத் தாண்டுங்கள்.