பிரமிடை வைத்துப் பள்ளிக் கணக்கைச் சொல்லித்தர முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் பிரமிடின் படத்தைக் காட்டி வியப்பதோடு நிறுத்தினால் கணக்கு வராது. எகிப்தியர் போட்ட கணக்கையே பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும்.

சாய்விலிருந்து தொடங்குங்கள். ஒரு முழம் உயரம் ஏறும்போது பக்கம் எவ்வளவு உள்ளே நகர்கிறது என்பதை அவர்கள் 'செகெட்' என்றார்கள். அவர்களின் முழத்துக்கு 7 உள்ளங்கை அகலம். கீசாவின் பெரிய பிரமிடுக்கு அடிப்பக்கம் 440 முழம், உயரம் 280 முழம். அடிப்பக்கத்தில் பாதியான 220-ஐ 280-ஆல் வகுத்து 7-ஆல் பெருக்கினால் ஐந்தரை உள்ளங்கை. அட்டையில் அடி 5.5 செ.மீ., உயரம் 7 செ.மீ. வைத்து ஒரு செங்கோண முக்கோணம் வெட்டச் சொல்லுங்கள். கோணமானியில் 52 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக வரும். முக்கோணவியல் பாடம் வரும் முன்பே விகிதம் பிடிபட்டுவிடும்.

எனக்கு இதைவிடப் பிடித்தது மாஸ்கோ பாப்பிரஸ் என்ற பழைய எகிப்தியக் கணக்குச் சுவடியின் 14-ஆம் கணக்குதான். உச்சி வெட்டப்பட்ட பிரமிடு. அடிப்பக்கம் 4, மேல்பக்கம் 2, உயரம் 6. கன அளவு என்ன? 4-இன் வர்க்கம் 16, நாலிரண்டு 8, 2-இன் வர்க்கம் 4. கூட்டினால் 28. உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு 2. பெருக்கினால் 56. பத்தாம் வகுப்பில் கூம்பின் இடைக்கண்டத்துக்குப் போடுகிறோமே, அதே அமைப்புதான். பை (π) மட்டும் இல்லை. சூத்திரத்தை மனப்பாடம் செய்யவிடாமல் சரிபார்க்கவிடுங்கள். உச்சியை வெட்டாத முழுப் பிரமிடின் உயரம் 12, கன அளவு 64; வெட்டிய உச்சியின் கன அளவு 8; மீதி 56.