தட்டு கறுத்தால் பரவாயில்லை, படம் கறுத்தால் கேளுங்கள்

கேள்வி: ஆகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகளோடு தஞ்சாவூர் போக இருக்கிறோம். கோயில், அரண்மனை, சாமான் வாங்குவது எல்லாவற்றுக்கும் ஒரு நாள் போதும்தானே? பக்கத்து வீட்டு அக்கா அங்கே வாங்கி வந்த வெள்ளித் தட்டு ஒரு வருடத்தில் கறுத்துவிட்டது. ஏமாற்றுக் கடைகளை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: ஒரு நாள் போதாது. அந்தத் தட்டும் ஏமாற்று இல்லை.

வெள்ளி கறுக்கும். காற்றில் உள்ள கந்தக வாயு பட்டால் அதன் மேல் கறுப்புப் படியும். கடலும் களப்பும் சூழ்ந்த நம் ஊரில் இன்னும் கெதியாகப் படியும். வருடக்கணக்கில் புதுசாகவே மினுங்கும் தட்டில்தான் எனக்குச் சந்தேகம். இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் (1798–1832) பெயர் பெற்ற வேலை இது. அடியில் பித்தளைத் தட்டு. அதன் மேல் அச்சில் வைத்துத் தட்டி உருவம் எழுப்பிய மெல்லிய செம்பு, வெள்ளித் தகடுகள். உருவத்தின் பின்பக்கக் குழிவை மெழுகுக் கலவையால் நிரப்பித்தான் தட்டில் பொருத்துவார்கள். ஆகவே புளியும் பித்தளை பொலிஷும் போட்டுத் தேய்த்தால் தகட்டின் மேடுகள் தேய்ந்து ஓட்டையாகும். சுடுநீரில் போட்டால் உள்ளே மெழுகு இளகி, விரல் பட்ட இடம் அமுங்கிவிடும். திருநீறு தொட்ட பழைய பருத்தித் துணியால் அழுத்தாமல் துடைத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

ஏமாற்று நடப்பது தஞ்சாவூர் ஓவியத்தில். பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் கலந்த மக்குப் பூசி, அதே மக்கால் நகையையும் மண்டபத்தையும் புடைப்பாக எழுப்பி, கல் பதித்து, அதன் மேல் தங்கரேக்கு ஒட்டுவார்கள். ரேக்கு 22 காரட் தங்கமாக இருக்க வேண்டும். மலிவுப் படத்தில் அந்த இடத்தில் இருப்பது செம்பு கலந்த பொன்னிறத் தகடு. கடையில் இரண்டும் ஒரே மினுக்கம். கண்ணால் பிரிக்கலாம் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். தங்கம் நம் உப்புக்காற்றிலும் அப்படியே இருக்கும். போலித் தகடு சில வருடத்தில் பழுப்பாகி, ஓரங்களில் பச்சை கட்டி, கடைசியில் கறுக்கும். அப்போது நீங்கள் இங்கே, கடைக்காரர் அங்கே. அதனால் பற்றுச்சீட்டில் ‘22 காரட் தங்கரேக்கு’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பேனாவை எடுக்கத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம். விலை ஒப்பிட்டுப் பார்க்க, தமிழ்நாடு அரசின் பூம்புகார் விற்பனை நிலையத்துக்கு முதலில் ஒரு நடை போய் வாருங்கள்.

படத்துக்குச் சட்டத்தையும் அங்கேயே போட்டு வாருங்கள். இங்கே சாதாரணமாகப் படம் சட்டம் போடுகிறவர் கண்ணாடியைப் படத்தோடு ஒட்டி அழுத்துவார். புடைப்பு வெடிக்கும், கல் உதிரும். கண்ணாடிக்கும் கல்லுக்கும் இடையே வெளி விட்ட, பெட்டி போன்ற சட்டம்தான் வேண்டும். வீட்டில் வாடைக்காற்று மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள்: ஈரம் குடித்தால் பலகை ஊதும், மக்கு விடும். உட்சுவரிலும் சட்டத்தின் பின் மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டிக் காற்றுப் போக விடுங்கள்.

தலையாட்டிப் பொம்மையை வாங்குமுன் மேசையில் சாய்த்து விடுங்கள். அதே இடத்தில் நிமிர வேண்டும். உருண்டு விலகினால் அடிப்பாரம் சரியில்லை. வீணையை நினைவுப்பொருளாக வாங்குகிறவர்களை எனக்குப் புரிவதில்லை. அதன் 24 மெட்டுகளும் மெழுகில் நிற்பவை. வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் ஒரு மத்தியானம் கிடந்தால் போதும், சுருதி போய்விடும். வீட்டில் வாசிப்பவர் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

இனி நாட்கணக்கு. இரண்டு இரவு தங்குங்கள், அவற்றில் புதன்கிழமை வராமல் பாருங்கள்; சரசுவதி மகால் நூலக அருங்காட்சியகம் அன்று மூடியிருக்கும். திருச்சிக்கு விமானத்தில் போனால் அங்கிருந்து தஞ்சாவூர் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். காங்கேசன்துறைக் கப்பலில் நாகபட்டினம் போயும் போகலாம். ஆனால் வாடைக் காலத்தில் அது ஓடாது.

பெரிய கோயிலுக்கு விடிய ஆறு மணிக்கே போங்கள். ஒன்பதுக்குப் பிறகு கல்தரை பிள்ளைகளின் காலைச் சுடும், நண்பகல் தாண்டினால் நாலு மணி வரை நடை சாத்தியிருக்கும். விமானத்தின் நிழல் நிலத்தில் விழாது என்று வழிகாட்டி சொன்னால், பிள்ளைகளை விட்டு நிழலைத் தேடச் சொல்லுங்கள். காலை வெயிலில் நன்றாக நீண்டு கிடக்கும். 1010-இல் முடித்த கோயிலுக்குப் பொய்ப் பெருமை எதற்கு? கல்வெட்டுகளில், இராசராசன் இக்கோயிலுக்கு விட்ட ஈழத்து ஊர்களும் வருகின்றன. அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

அரண்மனையில் பலர் மணிக்கூண்டிலும் தர்பார் மண்டபத்திலும் படம் பிடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் நேரத்தை வெண்கலச் சிலைகளின் கலைக்கூடத்துக்குக் கொடுங்கள். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர், அதாவது எருதை வாகனமாகக் கொண்ட சிவன், அங்கே நிற்கிறார். 1011-ஆம் ஆண்டுச் சிலை. சடையையே தலைப்பாகையாகச் சுற்றி, ஒரு காலை மாற்றி வைத்து, வலக்கையை எருதின் மேல் சாய்த்திருக்கிறார். எருது இல்லை. இல்லாத எருதின் உயரம் அந்த முழங்கையின் மடிப்பில் தெரிகிறது. 1950-இல் கிணறு வெட்டும்போது கிடைத்து, இன்று கோணேசர் கோயிலில் இருக்கும் சோமாஸ்கந்தரைக் கும்பிட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு இந்தக் கூடம் அந்நியமாக இருக்காது.

இரண்டாம் நாள் கும்பகோணப் பக்கம். தாராசுரம் கோயிலைப் பார்த்துவிட்டு, அருகிலுள்ள சுவாமிமலையில் ஒரு ஸ்தபதியின் பட்டறைக்குள் போங்கள், கேட்டால் காட்டுவார்கள். தென்னோலை நறுக்கை மடித்துத்தான் உருவத்துக்கு அளவெடுப்பார்கள். மெழுகில் சிலை செய்து, முதல் பூச்சுக்குக் காவிரியின் மென்வண்டல், அதன் மேல் களிமண். சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைப்பார்கள். ஆகவே ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான். ‘இதே மாதிரி பத்து இருக்கு’ என்று அடுக்கிக் காட்டும் கடையில் அந்த வேலை நடக்கவில்லை.

சிலை வாங்கினால் செய்த ஆண்டும் உயரமும் நிறையும் எழுதிய பற்றுச்சீட்டும், ஒரு படமும் கையில் இருக்கட்டும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொருளை இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுவர 1972-ஆம் ஆண்டுச் சட்டம் விடாது. புதுச் சிலையையும் சுங்கத்தில் நிறுத்திக் கேட்கலாம். பெரிய சிலையென்றால், அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறை தரும் சான்றிதழை வாங்கித் தர முடியுமா என்று, காசு கொடுக்க முன்னரே கடைக்காரரிடம் கேளுங்கள். உள்ளே வெற்றிடமில்லாத கெட்டி வார்ப்பு என்பதால் ஓரடிச் சிலையே பல கிலோ நிறுக்கும். விமானப் பொதியின் நிறையையும் அதற்கேற்றபடி பார்த்துக்கொள்ளுங்கள்.