கொச்சியில் இறங்கிய கார் தக்கலைக்கு எப்படி வரும்? கேள்வி பதில்

கொச்சியிலும் அப்புறம் சென்னையிலும், சரக்கைக் கஸ்டம்ஸிலிருந்து விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் இருபது வருடத்துக்கு மேல் ஓடியாடிவிட்டு, இப்போது தக்கலையில் வீட்டோடு இருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து கார் இறக்குவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம்: வண்டி துறைமுகத்தில் நிற்கிறது, நம்பர் இல்லை, வீட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது? அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கருங்கல்லிலிருந்து: அண்ணாச்சி, இங்கிலாந்திலிருந்து எனக்கு ஒரு புதுக் கார் கொச்சிக்கு வருகிறது. கஸ்டம்ஸ் டூட்டி கட்டி முடித்ததும் நானே போய் ஓட்டிக்கொண்டு வந்துவிடலாமா? 250 கிலோமீட்டர்தானே.

தம்பி, கஸ்டம்ஸ்காரர் 'அவுட் ஆஃப் சார்ஜ்' கொடுத்துவிட்டால் வண்டி துறைமுக கேட்டை விட்டு வெளியே வரலாம், அவ்வளவுதான். சாலையில் ஓடுவதற்கு அனுமதி தருவது வேறு ஆபீஸ். மோட்டார் வாகனச் சட்டம் 39-வது பிரிவுப்படி பதிவு இல்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது. பிடித்தால் முதல் தடவை 2000 முதல் 5000 ரூபாய் வரை அபராதம். அந்தப் பணத்துக்காக நான் பயப்படச் சொல்லவில்லை. இன்சூரன்ஸ் இல்லாமல் ஆலப்புழை பக்கம் ஒருவர் மேல் இடித்துவிட்டால், அந்த நஷ்ட ஈடு முழுக்க உங்கள் தலையில்தான் விழும்.

ஓட்டித்தான் வர வேண்டும் என்றால் வழி இருக்கிறது. 43-வது பிரிவில் தற்காலிகப் பதிவை 'எந்தப் பதிவு அதிகாரியிடமும்' கேட்கலாம் என்று இருக்கிறது. அதாவது, வீடு கருங்கல்லில் இருந்தாலும் எர்ணாகுளம் பக்கம் உள்ள ஆர்டிஓ ஆபீசிலேயே விண்ணப்பிக்கலாம். பில் ஆஃப் என்ட்ரி (கஸ்டம்ஸில் போடும் இறக்குமதிப் படிவம்), இன்வாய்ஸ், டூட்டி கட்டிய ரசீது, சாலைத் தகுதிக்கான படிவம் 22, முகவரிச் சான்று, இன்சூரன்ஸ் எல்லாம் கையில் இருக்க வேண்டும். நம்பரே இல்லாமல் இன்சூரன்ஸ் எப்படிப் போடுவது என்று உடனே கேட்பீர்கள். சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் இருந்தால் போதும், போட்டுத் தருவார்கள். தற்காலிக நம்பர் மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தாக இருக்கும். எதுவரை செல்லும் என்பது சான்றிலேயே போட்டிருக்கும். 'ஃபார் ரெஜிஸ்ட்ரேஷன்' என்று காகிதம் ஒட்டிக்கொண்டு போவதெல்லாம் எந்தக் காலத்திலும் சட்டமாக இருந்ததில்லை.

இதில் ஆளைக் கவிழ்ப்பது படிவம் 22. இங்கே ஷோரூமில் வாங்கும் வண்டிக்கு அதை டீலரே நீட்டிவிடுவார். நீங்களே இறக்கும் வண்டிக்கு அது எங்கிருந்து வரும் என்பதைக் கப்பலில் ஏற்றுவதற்கு முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள். வண்டி வந்த பிறகு அதைத் தேடி அலைந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நாட்கள் பூராவும் துறைமுக வாடகை ஏறிக்கொண்டே இருக்கும்.

அதே தம்பி மறுபடியும்: அப்படியானால் ஃப்ளாட்பெட் வண்டியில் ஏற்றி வந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே?

இல்லை. என்னைக் கேட்டால் அதுதான் சரி. நாலு சக்கரமும் சாலையைத் தொடாமல் லாரி மேல் இருக்கும்வரை உங்கள் கார் வெறும் சரக்கு. நம்பர் வேண்டியது லாரிக்குத்தான்.

ஆனால் லாரிக்காரரிடம் மூன்று விஷயம் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஏற்றுப்பலகை எவ்வளவு சரிவாக இறங்கும்? பழைய ரெக்கவரி வண்டிகளில் பலகை செங்குத்தாக நிற்கும். தாழ்வான காரின் முன்பம்பர் முதலில் அதில்தான் போய் முட்டும். அடுத்தது, காரை எதைப் பிடித்துக் கட்டுவார்கள்? சக்கரத்தைச் சுற்றி பெல்ட் போட வேண்டும். அடியில் ஆக்சிலில் சங்கிலி மாட்டி இழுப்பேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். மூன்றாவது, வழியில் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?

இந்த மூன்றாவது எனக்குப் பட்டுத் தெரிந்தது. என் மச்சினனுக்காக ஒரு வண்டியை நானே நின்று ஏற்றி அனுப்பினேன். ஊருக்கே இன்சூரன்ஸ் பற்றி உபதேசம் செய்கிறவன், அன்றைக்கு லாரிக்காரர் சொன்ன 'எல்லாம் கவர் ஆகும் சார்' என்பதை நம்பிவிட்டேன். கொல்லம் தாண்டி ஒரு பள்ளத்தில் பெல்ட் நழுவி, கதவு ஒன்று கம்பியில் உரசிவிட்டது. கேட்டபோதுதான், அவரிடம் இருந்தது அவருடைய லாரிக்கான இன்சூரன்ஸ் மட்டும் என்று தெரிந்தது. கார் கப்பலில் வருவதற்குப் போட்ட மரைன் பாலிசியை எடுத்துப் பார்த்தேன். சேருமிடம் 'கொச்சி துறைமுகம்' என்று இருந்தது. அதில் 'தக்கலை' என்று எழுதியிருந்தால் வீட்டு வாசல் வரை அதே பாலிசி வந்திருக்கும். கூடுதல் பிரீமியம் ஒன்றும் பெரிதாக இருந்திருக்காது. மச்சினன் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுவதில்லை, ஆனால் என் மனைவி சொல்லுவாள்.

ஆகவே பாலிசியில் கடைசி ஊர் எது என்று பாருங்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதையும் மனதில் வைத்து, ஜூன், ஜூலையிலோ ஐப்பசியிலோ கொண்டுவந்தால் மூடிய கன்டெய்னர் லாரியாகப் பாருங்கள்.

குலசேகரத்திலிருந்து ஒரு சகோதரி: அண்ணா, கேரியர் லாரி எங்கள் தெருவுக்குள் வராது. மெயின் ரோட்டில் இறக்கினால் வீட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர். அதற்கும் நம்பர் வேண்டுமா?

வேண்டும் அம்மா. சட்டத்தில் ஒன்றரை கிலோமீட்டர் சலுகை எதுவும் இல்லை. கயிறு கட்டி இழுத்தாலும் சக்கரம் சாலையில்தானே உருளுகிறது! நம் மாவட்டத்தில் இது பெரிய பிரச்சினை. குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை பக்கமெல்லாம் ரப்பர் தோட்டத்துக்குள் வளைந்து வளைந்து போகும் ஒற்றைச் சாலைகள். கொச்சியிலிருந்து பெரிய கேரியரில் மார்த்தாண்டம் வரை கொண்டுவந்து, தெரிந்தவர் ஒருவரின் காம்பவுண்டுக்குள் இறக்கிவிடுங்கள். தற்காலிக நம்பரும் இன்சூரன்சும் கைக்கு வந்ததும் அங்கிருந்து ஓட்டிப் போகலாம். காத்திருக்க முடியாது என்றால், ஒரே கார் ஏற்றும் சின்ன ரெக்கவரி வண்டி உள்ளூரிலேயே கிடைக்கும். அந்தக் கடைசித் துண்டுக்கு அது போதும். ஒரு பெரிய கேரியரைக் குலசேகரம் ஜங்ஷனில் திருப்ப முயற்சி செய்வதைவிட இது எவ்வளவோ மேல்.

குளச்சல்: தூத்துக்குடி இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. இப்போது விழிஞ்ஞமும் வந்தாச்சு. எதற்கு கொச்சிக்கும் சென்னைக்கும் போக வேண்டும்?

இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். புதுக் காரை இறக்குவதற்கென்று அரசு குறிப்பிட்ட துறைமுகங்களை மட்டும் அனுமதித்திருக்கிறது. நம் பக்கத்தில் கொச்சி, சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி ஆகியவை அதில் உண்டு. தூத்துக்குடி இல்லை. விழிஞ்ஞத்தில் முக்கியமாக நடப்பது பெரிய கப்பலிலிருந்து பெட்டியை இறக்கி வேறு கப்பலுக்கு மாற்றும் வேலை. டச்சுக்காரரை 1741-ல் ஓட ஓட விரட்டிய குளச்சலுக்கே கார் வந்து இறங்கும் நாள் வரட்டும், முதல் பில் ஆஃப் என்ட்ரியை நானே இலவசமாகப் போட்டுத் தருகிறேன்.

திங்கள்சந்தை, இப்போது சவுதியில்: பத்து வருடம் முடித்து ஊருக்குத் திரும்புகிறேன். இங்கே ஓட்டும் காரைக் கொண்டுவந்தால் டூட்டி தள்ளுபடி உண்டா?

தள்ளுபடியை விடுங்கள் தம்பி, வண்டியே உள்ளே வராது. அங்கே ஸ்டீயரிங் இடது பக்கம். இங்கே நிரந்தரமாக இறக்கும் கார் வலது பக்க ஸ்டீயரிங்காக இருக்க வேண்டும். ஊர் திரும்புகிறவருக்கு வீட்டுச் சாமானில் சலுகை உண்டு, காருக்குக் கிடையாது.

கோழிக்கோட்டிலும் மலப்புறத்திலும் துபாய் நம்பர் கார்கள் ஓடுகின்றனவே என்பீர்கள். அது கார்னெட். தற்காலிகமாகக் கொண்டுவந்து, ஆறு மாதத்துக்குள் திருப்பி எடுத்துப் போகும் ஏற்பாடு. விற்கக் கூடாது. கார்னெட் என்பது இன்சூரன்ஸ் அல்ல. இங்கே தனியாக மூன்றாம் நபர் பாலிசி எடுக்க வேண்டும். ஊர் சுற்றிப் பார்க்க நல்லது, குடியேற உதவாது. அங்கேயே விற்றுவிட்டு, அந்தக் காசில் இங்கே ஒன்று வாங்குங்கள்.

நாகர்கோவில், வடசேரி: என் தம்பி சிங்கப்பூரில் ஓட்டும் காரை அனுப்புகிறேன் என்கிறான். வலது பக்க ஸ்டீயரிங்தான். நாலு வருடப் பழசு.

நாலு வருடம் என்றதுமே கதை முடிந்தது. பழைய கார் என்றால் தயாரித்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. இரண்டு வருட வண்டியாகவே இருந்தாலும் மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர முடியும். ஏற்றுமுன் ஒரு சான்று வேண்டும். இறங்கிய பிறகு புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற சோதனை நிலையத்தில் இன்னொரு சான்று. அப்புறம் அங்கிருந்து லாரியில் நாகர்கோவிலுக்கு. டூட்டியையும் கூட்டினால் காரின் விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். பாசம் வேறு, கணக்கு வேறு. தம்பியிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

தக்கலையிலிருந்து: 2025 பட்ஜெட்டில் சொகுசுக் கார் டூட்டியை 70 சதவீதமாகக் குறைத்துவிட்டதாகப் பேப்பரில் படித்தேன் அண்ணாச்சி. இப்போது இறக்கினால் லாபமா?

தலைப்பை மட்டும் படித்திருக்கிறீர்கள். 40,000 டாலருக்கு மேல் விலையுள்ள புதுக் காருக்கு அடிப்படை டூட்டியை 70 ஆக்கினார்கள், கூடவே 40 சதவீத விவசாயக் கட்டமைப்பு செஸ் போட்டார்கள். கூட்டினால் 110. முன்பு 100 சதவீத டூட்டியும் அதன் மேல் சமூக நல சர்சார்ஜும் சேர்ந்து எவ்வளவு வந்தது? அதே 110. இதற்கு மேல் ஜிஎஸ்டி வேறு.

களியக்காவிளை: செக்போஸ்டில் லாரியை நிறுத்தினால் என்ன காட்டுவது? இ-வே பில் (சரக்கு போகும்போது ஜிஎஸ்டிக்காக ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) வேண்டுமா?

வணிக வரி செக்போஸ்ட் 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோதே போய்விட்டது. ஆனால் பறக்கும் படை எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம். 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு என்பதால் இ-வே பில் போட்டுவிடுங்கள். நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்யாதவர் என்றால் லாரி கம்பெனியே போடும். 'பயன்படுத்திய சொந்தப் பொருளுக்கு' விலக்கு உண்டு என்று சிலர் வாதாடுவார்கள். புதுச்சேரியில் வாங்கித் திருவனந்தபுரத்துக்கு லாரியில் ஏற்றிய ஒரு காரை இப்படித்தான் பிடித்தார்கள். 2018-ல் கேரள உயர் நீதிமன்றம் வரை போய், கார்காரர் பக்கம் தீர்ப்பு வந்தது. ஜெயித்தார், சரி. ஆனால் ஐந்து நிமிடத்தில் போடும் பில்லுக்காக ஹைகோர்ட்டுக்குப் போக உங்களுக்கு நேரம் இருக்கிறதா?

பில் ஆஃப் என்ட்ரி, இன்வாய்ஸ் நகல்களை டிரைவரிடம் கொடுத்து அனுப்புங்கள். அசலைக் கொடுக்க வேண்டாம். சேசிஸ் நம்பர் எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஓ என்ற எழுத்தும் சைபரும் மாறிப்போய், பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைத் திருப்பி அனுப்பிய கதை ஒன்றல்ல.

மார்த்தாண்டம்: என் நண்பன் கார் ஷோரூமில் வேலை பார்க்கிறான். அவர்களுடைய சிவப்பு நம்பர் பிளேட்டை மாட்டிக்கொண்டு வரலாமா?

கூடாது. அது டீலரின் சொந்த ஸ்டாக் வண்டிகளுக்கு. மாட்டினால் நண்பனுக்கு வேலை போகும், உங்களுக்கு இன்சூரன்ஸ் போகும்.

ஆரல்வாய்மொழி: துறைமுகத்தில் வண்டி நிற்கும் செலவை எப்படிக் குறைப்பது?

கப்பல் வருவதற்கு 30 நாள் முன்பே பில் ஆஃப் என்ட்ரி போடலாம். பெரும்பாலானவர்கள் கப்பல் நங்கூரம் போட்ட பிறகுதான் எங்களுக்கு போன் செய்வார்கள். பில் போடத் தாமதமானால் கஸ்டம்ஸுக்கு முதல் மூன்று நாளைக்கு தினம் 5000 ரூபாய், அதற்கு மேல் தினம் 10,000. துறைமுகத்தில் வண்டி கிடக்கும் நாளுக்கான வாடகையான டெமரேஜும் கப்பல் கம்பெனியின் கன்டெய்னர் வாடகையும் தனி. எல்லாக் காகிதத்தையும் முன்கூட்டியே ஏஜென்டுக்கு அனுப்புங்கள். கேரியர் லாரியை மட்டும் முன்கூட்டி வரவழைக்காதீர்கள். கஸ்டம்ஸ் பரிசோதனை ஒரு நாள் தள்ளிப்போனால் லாரிக்கும் காத்திருப்புக் கூலி அழ வேண்டும்.

இரணியல்: நிரந்தரப் பதிவை எங்கே செய்வது? புதுச்சேரியில் வரி குறைவு என்கிறார்களே.

நீங்கள் குடியிருக்கும் மாநிலத்தில். நமக்கு நாகர்கோவில் டிஎன் 74, மார்த்தாண்டம் டிஎன் 75. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேலான காருக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். டூட்டி சேர்ந்த விலைக்கு என்பதால் மனம் வலிக்கத்தான் செய்யும். புதுச்சேரியில் பொய் முகவரி கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் கேரளத்தில் எத்தனை பேர் என்று பேப்பர் படிப்பவர்களுக்குத் தெரியும். முன்பு இருந்த நுழைவு வரி ஜிஎஸ்டியோடு ஒழிந்தது, அதையாவது நினைத்து ஆறுதல் அடையலாம்.

கொட்டாரம்: கப்பலிலிருந்து இறங்கிய வண்டியை எடுக்கப் போகும்போது கையில் என்ன கொண்டுபோக வேண்டும்?

ஜம்பர் கேபிள், டயருக்குக் காற்றடிக்கும் சின்னப் பம்பு, ஐந்து லிட்டர் பெட்ரோலுக்கான கேன். கப்பலில் ஏற்றும்போது டேங்கைக் கிட்டத்தட்டக் காலி செய்திருப்பார்கள், பேட்டரியைக் கழற்றி வைத்திருப்பார்கள். பிரேக் டிஸ்க்கில் துருப் படிந்து முதல் நாலு தடவை கிறீச் என்று கத்தும், பயப்படாதீர்கள். கேட்டை விட்டு வெளியே எடுக்குமுன் வண்டியைச் சுற்றி வந்து போனில் வீடியோ எடுத்து, கீறல் இருந்தால் அங்கேயே எழுத்தில் வாங்குங்கள். ஊருக்கு வந்ததும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் நன்றாக அடித்துக் கழுவுங்கள், கடல் உப்பு அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

வில்லுக்குறி: கடைசியாக ஒன்று அண்ணாச்சி. வீட்டுக்குப் போகுமுன் குமாரகோவிலில் பூஜை போட வேண்டும் என்று அம்மா ஒரே பிடிவாதம். நம்பர் இல்லாமல் எடுத்துப் போகலாமா?

தற்காலிக நம்பர் இருந்தால் தாராளமாக. இல்லையென்றால் லாரிக்காரரிடம் முதலிலேயே பேசி வையுங்கள். வரும் வழிதானே, லாரியை ஓரமாக நிறுத்தி, கார் மேலேயே இருக்க, கீழே தேங்காயை உடைத்துக்கொள்ளலாம். எலுமிச்சம்பழத்தை மட்டும் லாரி டயருக்கு அடியில் வைக்க வேண்டியிருக்கும். அம்மா ஒத்துக்கொள்வார்களா என்பதை நீங்கள்தான் கேட்டுச் சொல்ல வேண்டும்.