பட்டனை அழுத்தச் சொல்லும் ரோபோ

கேள்வி: மனுவேலா வெலோசோ என்ற போர்ச்சுகீசியப் பெண் விஞ்ஞானியை ஆஹா ஓஹோ என்கிறார்கள். ரோபோக்களைக் கால்பந்து ஆட வைத்தார், பிறகு பேராசிரியர் வேலையை விட்டு வங்கிக்குப் போய்விட்டார். இதில் என்ன பெரிய சாதனை?
- ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: 1997 மே மாதம் டீப் புளூ என்ற கணினி, செஸ் உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்தது. உலகமே வாய் பிளந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜப்பானின் நகோயா நகரில் முதல் ரோபோ கால்பந்து உலகக் கோப்பை நடந்தது. அதற்கு அந்தப் பரபரப்பு கிடைக்கவில்லை. ஆனால் இரண்டில் கடினமான வேலை இதுதான் என்பேன்.

செஸ் காய் நாம் தொடும்வரை அசையாது. எதிராளி தன் முறைக்குக் காத்திருப்பார். பலகையில் ஒளிவுமறைவு கிடையாது. கால்பந்தில் பந்து ஓடிக்கொண்டே இருக்கும், சக்கரம் வழுக்கும், கேமரா சொல்லும் இடம் கொஞ்சம் தப்பாக இருக்கும். யோசித்து முடிப்பதற்குள் ஆட்டமே மாறியிருக்கும். போதாக்குறைக்கு, கூட ஆடுபவர்களோடும் ஒத்துப்போக வேண்டும்.

நகோயாவில் சிறிய ரோபோக்களுக்கான ஆடுகளம் ஒரு பிங்பாங் மேசை அளவுதான். பந்துக்குப் பதில் ஆரஞ்சு நிற கோல்ஃப் பந்து. அந்தப் பிரிவில் கோப்பையை வென்றது வெலோசோவும் அவருடைய மாணவர்களும் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய அணி. மறுவருடம் பாரிஸிலும் அதே அணிதான் வென்றது. பாரிஸ் அணியில் ஒரு நுணுக்கம் உண்டு. பந்து தன்னிடம் இல்லாத ரோபோவும் சும்மா நிற்காது. எதிரணிக்காரனிடமிருந்தும் தன் கூட்டாளியிடமிருந்தும் விலகி, பாஸ் வந்தால் வாங்கிக்கொள்ளத் தோதான இடத்தை முன்கூட்டியே கணக்கிட்டுப் போய் நிற்கும். தெருவில் பந்து விளையாடுகிற பையன்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்கவே எத்தனை கத்த வேண்டியிருக்கிறது! ஒரு இயந்திரக் கூட்டத்துக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததை வெறும் விளையாட்டு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

அவர் எங்கிருந்து வந்தார் என்பதையும் பாருங்கள். 1957-இல் லிஸ்பனில் பிறந்தவர். அவர் சிறுமியாக இருந்த போர்ச்சுகலில் சர்வாதிகார ஆட்சி. மணமான பெண் வெளிநாடு போக வேண்டுமென்றால் 1969 வரை கணவனின் அனுமதி வேண்டும். நீதிபதி நாற்காலியில் பெண் உட்கார முடியாது. 1974 ஏப்ரல் 25 அன்று அந்த ஆட்சி கவிழ்ந்தபோது இவருக்குப் பதினாறு வயது. ஆறே வருடத்தில், 1980-இல், லிஸ்பனின் புகழ்பெற்ற பொறியியல் கல்லூரியான இன்ஸ்டிட்யூட்டோ சுப்பீரியர் டெக்னிகோவில் மின் பொறியியல் பட்டம் வாங்கிவிட்டார். அங்கேயே மேற்படிப்பு, அப்புறம் பாஸ்டனில் கணினி அறிவியலில் இன்னொரு பட்டம், 1992-இல் கார்னகி மெலனில் முனைவர் பட்டம். அதே ஆண்டு அங்கேயே ஆசிரியர்.

கால்பந்துக்கு முன்பே அவர் செய்த வேலை ஒன்றை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். முனைவர் ஆய்வில் அவர் எடுத்துக்கொண்டது, பழைய அனுபவத்தை வைத்துப் புதிய சிக்கலைத் தீர்ப்பது எப்படி என்ற கேள்வி. உதாரணத்துக்கு, ஒரு ஊருக்குள் பார்சல்களை லாரி கொண்டுபோகும், ஊர் விட்டு ஊர் விமானம் கொண்டுபோகும். எதை எதில் ஏற்றி எப்படிச் சேர்ப்பது? அவருடைய நிரல் விடையை மட்டும் நினைவில் வைக்காது. ஏன் இந்த வழியை எடுத்தோம், எந்த வழி எதனால் முட்டிக்கொண்டது என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை இதேபோல ஒன்று வந்தால், அந்தக் காரணங்கள் இப்போதும் பொருந்துகின்றனவா என்று சரிபார்த்துத்தான் பழைய வழியை எடுக்கும். அந்தப் பார்சல் கணக்கு பிற்பாடு உலகெங்கும் திட்டமிடல் நிரல்களைச் சோதிக்கிற பொதுப் பரீட்சையாகவே ஆகிவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது கோபாட். வெலோசோவின் குழு உருவாக்கிய ரோபோ. சக்கரம் உண்டு, கை கிடையாது. பல்கலைக்கழகக் கட்டடத்துக்குள் தானாகவே நடமாடும். விருந்தினரை அழைத்துப்போகும், பொருள்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும். லிஃப்ட் வந்தால்? வாசலில் நின்று, பக்கத்தில் இருப்பவரிடம் பட்டனை அழுத்தச் சொல்லிக் கேட்கும். தான் எங்கே நிற்கிறோம் என்று சந்தேகம் வந்தால் அதையும் கேட்டுக்கொள்ளும். கை பொருத்திவிடலாமே என்று தோன்றும். வெலோசோ அதற்காகக் காத்திருக்கவில்லை. எது தன்னால் முடியாது என்று இயந்திரத்துக்குத் தெரியட்டும், தெரிந்து மனிதரிடம் கேட்கட்டும், பதிலுக்கு அதுவும் மனிதருக்கு வேலை செய்யட்டும் என்றார். அப்படிக் கேட்டுக் கேட்டே கோபாட்கள் 2014-க்குள் 1000 கிலோமீட்டர் ஓடி முடித்தன. எல்லாம் தெரிந்ததுபோல அடித்துவிடும் மென்பொருள்கள் மலிந்துவிட்ட இன்றைக்கு, இந்த அடக்கம் எவ்வளவு தேவை!

பதவிகளை நீட்டி முழக்கப் போவதில்லை. 2012 முதல் 2014 வரை செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்களின் பெரிய சங்கமான ஏஏஏஐ-க்குத் தலைவர். 2016-இல் கார்னகி மெலனின் இயந்திரக் கற்றல் துறைக்குத் தலைவர்.

சரி, வங்கி விஷயம். 2018-இல் அவர் ஜே.பி. மார்கன் வங்கியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுப் பிரிவுக்குத் தலைமை ஏற்றது உண்மைதான். நல்ல ஆசிரியர்களைப் பணம் படைத்த நிறுவனங்கள் அள்ளிக்கொண்டு போவதில் எனக்கும் வருத்தம் உண்டு. வகுப்பறைக்கு அது நஷ்டம். ஆனால் அதற்கு முன் 26 வருடம் அவர் வகுப்பறையில் இருந்தார். அவரிடம் படித்த பீட்டர் ஸ்டோன் இன்று டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அடுத்த தலைமுறைக்குப் பாடம் எடுக்கிறார். வங்கிக்குப் போனதால் ஆய்வு நின்றுவிடவும் இல்லை. 2022-இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் அகாடமி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தபோது, ரோபோக்களில் செய்த வேலையோடு நிதித் துறையில் செய்ததையும் சேர்த்தே காரணமாகச் சொன்னது.