கதவுக்கு வெளியே ஒரு தட்டு

கேள்வி: எனக்கு வயது 28. மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். அப்பா தவறி இரண்டு வருடங்கள் ஆகின்றன, தங்கைக்குத் திருமணமாகிவிட்டது, வீட்டில் நானும் அம்மாவும்தான். ‘டோராடோரா’ என்ற ஜப்பானிய அனிமே (கார்ட்டூன்) தொடரை ஆறு முறை பார்த்துவிட்டேன். பள்ளி மாணவர்களின் காதலும் கலாட்டாவும்தான் கதை. தினமும் இரவு சாப்பிடும்போது ஒரு பகுதி பார்ப்பேன். அறைக் கதவு சாத்தியிருக்கும், அம்மா தட்டை வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டுப் போவார், தொந்தரவு செய்யமாட்டார். இந்த வயதில் இதைப் பார்க்கிறாயே என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். அம்மா எனக்குப் பெண் பார்க்கிறார். எனக்கோ அந்தத் தொடரின் நாயகி தைகாவைப் போல ஒருத்தி கிடைப்பாளா என்றே தோன்றுகிறது. இந்தத் தொடர் ஏன் என்னை விடமாட்டேன் என்கிறது? எனக்கு இன்னும் முதிர்ச்சி வரவில்லையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தம்பி, தொடர்கதை படித்துக்கொண்டே பாலைப் பொங்கவிட்டவர்கள் முதல் கைப்பேசியில் நாடகம் பார்த்தே விடியவைப்பவர்கள் வரை, இதே கேள்வியை வெவ்வேறு பெயர்களில் பலரும் இந்தப் பகுதிக்கு எழுதியிருக்கிறார்கள். ஆகவே உங்கள் முதிர்ச்சியைப் பற்றியும் நண்பர்களின் சிரிப்பைப் பற்றியும் நான் எதுவும் சொல்லப்போவதில்லை. உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த ஸ்டூல் வரியைத்தான். நீங்கள் அதை ஏதோ அறையின் வர்ணனையைப் போல எழுதிவிட்டுக் கடந்துபோய்விட்டீர்கள்.

உங்கள் கடிதத்தின் பொருட்டு, பேத்தியின் உதவியோடு, 25 பகுதிகளையும் பார்த்து முடித்தேன். தாகேமியா யுயுகோ 2006 முதல் 2009 வரை எழுதிய பத்துப் புத்தகங்களிலிருந்து எடுக்கப்பட்டு, 2008 அக்டோபரில் தொடங்கி மறு ஆண்டு மார்ச்சில் நிறைவடைந்த தொடர் அது. ஒருவரின் நட்பு வட்டத்தில் இருப்பவரை மற்றவர் விரும்புவதும், கடிதம் தவறான பைக்குள் போய்ச் சேர்வதும், திறந்து பார்த்தால் உறைக்குள் கடிதமே இல்லாமல் இருப்பதுமாகக் கலகலப்புக்குக் குறைவில்லை. ஆனால் அந்தக் கலகலப்புக்காகவா ஒருவர் ஆறு முறை பார்ப்பார்? நீங்கள் எதற்காகத் திரும்பத் திரும்பப் போகிறீர்கள் என்று எனக்கு முதல் பகுதியிலேயே விளங்கிவிட்டது.

வெற்று உறையை மீட்பதற்காக நள்ளிரவில் மரவாளோடு வகுப்புத் தோழன் ரியூஜியின் வீடு புகுந்து தாக்குகிற தைகா, வீச்சின் நடுவிலேயே பசியால் சுருண்டு விழுகிறாள். தாக்க வந்தவளுக்கு ரியூஜி சோற்றை வறுத்துக் கொடுக்கிறான். பள்ளிக்கூடமே ‘கையடக்கப் புலி’ என்று அஞ்சுகிற அந்தப் பெண், அப்பா பணம் கொடுத்து அமர்த்திய பெரிய வீட்டில் தன்னந்தனியாக, சமைக்கவும் தெரியாமல், நாற்றமெடுக்கும் கழுவுதொட்டியோடு வாழ்கிறாள் என்பது அடுத்த நாள் தெரியவருகிறது. அதன்பிறகு அவள் நாள்தோறும் அடுத்த கட்டடத்திலிருந்து வந்து ரியூஜி வீட்டுத் தாழ்ந்த மேசையின் முன் உட்காருகிறாள். திட்டுகிறாள், உதைக்கிறாள், இன்னொரு கிண்ணம் சோறு கேட்கிறாள். இருவரும் வேறு ஆட்களைக் காதலிப்பதாக நம்பிக்கொண்டு ஒருவருக்கொருவர் தூது போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கிடையில் நேர்வதெல்லாம் சந்தை, சமையல், மதிய உணவுப் பெட்டி, கழுவிய பாத்திரம் என்றே போகிறது. கிறிஸ்துமஸ் இரவில், இனி இவன் என் பக்கத்தில் இருக்கமாட்டான் என்று உறைத்தபோது அவள் தெருவில் நின்று அவன் பெயரைச் சொல்லிக் கதறுகிறாள் அல்லவா, அந்தக் கதறலுக்குப் பின்னால் இருப்பது பத்தொன்பது பகுதிகளாகச் சேர்ந்த சோற்றுக் கடன் என்றே எனக்குப் பட்டது. காதல் என்று தனியாக ஒன்றை இந்தக் கதை காட்டவில்லை. பந்தியில் ஒரு இலையைக் கூடுதலாகப் போட்டதையே காட்டியிருக்கிறது.

அப்படிப்பட்ட கதையை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்? அந்த மேசையைச் சுற்றி ரியூஜியும் அவன் அம்மாவும் தைகாவுமாக மூவர் உட்கார்ந்து சாப்பிடுவதை, கதவைச் சாத்திக்கொண்டு, தனியாகச் சாப்பிட்டபடியே பார்க்கிறீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் உங்கள் அம்மாவும் தனியாக இருக்கிறார். கணவரை இழந்து, மகளை அனுப்பிவைத்து, மிச்சமிருக்கும் ஒரே ஆளுக்கு இரவு உணவைத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டு ஓசைப்படாமல் திரும்பிப் போகிறவரைப் பற்றித்தான் ‘தொந்தரவு செய்யமாட்டார்’ என்று நற்சான்றிதழ் எழுதியிருக்கிறீர்கள். மருத்துவமனை வார்டில்கூடத் தட்டை வைப்பவர் ‘சாப்பிட்டீங்களா’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார். உங்கள் அம்மா எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார், என்ன சாப்பிடுகிறார், சாப்பிடுகிறாரா இல்லையா என்பது உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. உங்களுக்கே தெரியாதோ என்று சந்தேகிக்கிறேன்.

ரியூஜியின் வீட்டிலும் அம்மாவும் மகனும்தான், தம்பி. அவன் அம்மா யசுகோ இரவு முழுவதும் மதுக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு விடியற்காலையில் தள்ளாடி வருகிறவள், பொறுப்பு என்று பார்த்தால் மகனைவிடச் சின்னப்பிள்ளை. அவளுக்கும் சமைத்து வைப்பவன் பள்ளிக்கூடம் போகிற அந்தப் பையன்தான். அவன் கல்லூரிச் செலவுக்காக அவள் கூடுதலாக இன்னொரு வேலைக்குப் போய் மயங்கி விழுந்த பிறகு, அவனும் கோபத்தில் பேசக்கூடாத பேச்சைப் பேசிவிட்டு வீட்டைவிட்டு ஓடுகிறான். ஓடியவன் எங்கே போகிறான் என்பதைத்தான் நீங்கள் ஆறு முறையும் சரியாகக் கவனிக்கவில்லை. கருவுற்ற இளம் வயதில் யசுகோ கைவிட்டு வந்த தாத்தா பாட்டி வீட்டுக்குப் போகிறான். அவளையும் அங்கே வரவழைத்துப் பெற்றவர்களின் முன் நிறுத்துகிறான். அதைப் பார்த்த தைகாவும், காதலனோடு ஓடிவிடுவதாக இருந்தவள், தனியாகத் தன் அம்மாவிடம் திரும்பிப் போகிறாள், அந்தக் கணக்கைத் தீர்க்காமல் கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று. பள்ளிப் படிப்பு முடியும் நாளில்தான் திரும்பி வருகிறாள். பெற்றவர்களோடு உள்ளதைச் சரிசெய்யாதவர்கள் புதுக் குடும்பம் தொடங்கக் கூடாது என்பது என் பழைய கட்சி. ஜப்பானிலிருந்து அதற்கு ஆள் வருமென்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை. (தைகாவின் அப்பாவைப் போன்றவர்களுக்கு இந்தக் கட்சியில் இடமில்லை. பள்ளி விழாவுக்கு வருவதாக மகளை நம்பவைத்துவிட்டு வராமலிருந்த ஆளிடம் திரும்பிப் போ என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.)

ஆகையால் தைகாவைப் போல ஒருத்தி கிடைப்பாளா என்ற கேள்வியை என்னிடம் கேட்காதீர்கள். அவள் பசியோடு உங்கள் வீட்டுக்கு வந்தால் அவளுக்குச் சோறு போடப்போவது யார்? அம்மாதான் போடுவார், அதையும் அதே ஸ்டூலில் வைத்துவிட்டுப் போவார். பெண் பார்ப்பதை மூன்று மாதங்களுக்கு நிறுத்திவைக்கச் சொல்லி அம்மாவிடம் நீங்களே பேசுங்கள்; இன்னொரு வீட்டுப் பெண்ணைக் கொண்டுவந்து தாழ்வாரத்தில் நிறுத்துவதற்கு நான் உடன்படமாட்டேன்.

தொடரை ஏழாவது முறையும் பாருங்கள், ஆனால் கூடத்தில், அம்மாவோடு பாருங்கள். கதை புரியாமல் இந்தப் பெண் ஏன் அவனை உதைக்கிறாள் என்று அவர் பகுதிக்கு நான்கு முறை கேட்பார். நான்கு முறையும் நிறுத்திவைத்துப் பதில் சொல்லுங்கள். அதற்கு முன்பு இன்றிரவு அந்த ஸ்டூலை எடுத்துக்கொண்டுபோய் அடுக்களையில் போடுங்கள். நீங்கள் தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது அம்மா உட்கார்ந்துகொள்ள அது உதவும்.