1776 நோட்டை லேமினேட் செய்துவிடாதீர்கள்

வணக்கம் நண்பரே. பழைய புத்தகத்துக்குள் கிடைத்த 1776ஆம் ஆண்டு 7 டாலர் கான்டினென்டல் நோட்டு (அமெரிக்க விடுதலைப் போர்க்காலக் காகிதப் பணம்) அசலா, லேமினேட் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம், அசலாக இருந்தால் மதிப்பே போய்விடும். மைலார் என்ற ஒளிபுகும் பாலியெஸ்டர் உறை போதும்.

தாள் பழுப்பாக, தொட்டாலே மொறமொறக்கிறது என்றால் பெரும்பாலும் நினைவுப்பொருளாக விற்ற நகல்தான். அசல், கந்தல்துணிக் கூழில் செய்த தடித்த தாள். விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள்: அப்பிரகத் (மைக்கா) துகள் மினுங்கும், ஆங்காங்கே நீல இழை தெரியும். பின்பக்கம் நிஜ இலையிலிருந்து எடுத்த அச்சு. பொடி நரம்புகூடத் துல்லியமாக விழுந்திருக்கும். கள்ள நோட்டைத் தடுக்க, அச்சகரும் அமெரிக்கத் தலைவருமான பெஞ்சமின் பிராங்க்ளின் கொண்டுவந்த உத்தி அது, இன்றைக்கும் எனக்கு வியப்புதான்! இரண்டு கையொப்பமும் வரிசை எண்ணும் பேனா மையில் இருக்க வேண்டும். லென்ஸ் வைத்துப் பாருங்கள், மை தாளின் நாருக்குள் ஊறியிருக்கிறதா?