பின்கதவு சைல்டு லாக்: கடைக்குப் போகுமுன் கதவின் விளிம்பைப் பாருங்கள்

கேள்வி: பெங்களூரு ஹலசூரில் வசிக்கிறோம். ஆறு வருடம் ஓடிய ஒரு காரை இரண்டு மாதங்களுக்கு முன் புரோக்கர் மூலம் வாங்கினோம். சென்ற வாரம் சில்க் போர்டு சிக்னலில் நின்றிருந்தபோது, நான்கு வயது மகள் வலப்பக்கப் பின்கதவைத் திறந்துவிட்டாள். ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில், பின்கதவை உள்ளிருந்து திறக்கவிடாத சைல்டு லாக் பொருத்த 6,500 ரூபாய் கேட்கிறார்கள். பொருத்தலாமா? விபத்து நேர்ந்தால் குழந்தை உள்ளே மாட்டிக்கொள்ளாதா?

பதில்: அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். நான்கு கதவுள்ள கார்களில் பெரும்பாலானவற்றுக்கு சைல்டு லாக் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வருகிறது. பின்கதவை முழுதாகத் திறந்து, மூடும்போது உள்ளே மறைந்துவிடும் அந்தக் குறுகிய விளிம்பில், பூட்டுக்கு அருகே பாருங்கள். விரல்நுனி அளவில் ஒரு லீவரோ, சாவிமுனையை நுழைத்துத் திருப்பும் பிளவோ இருக்கும். தூசியும் கிரீஸும் அப்பிப் பல வண்டிகளில் அது கண்ணுக்கே தெரிவதில்லை. ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள். புது வண்டிக்கு மாலை போட்டுப் படம் எடுக்க நேரம் ஒதுக்கும் ஷோரூம்கள், இதைக் காட்ட அரை நிமிடம் ஒதுக்குவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

லீவரைப் பூட்டு நிலைக்குத் தள்ளியதும், உள்கைப்பிடிக்கும் பூட்டுக்கும் உள்ள தொடர்பு விட்டுப்போகிறது. குழந்தை எத்தனை முறை இழுத்தாலும் கதவு திறக்காது. வெளிக்கைப்பிடி வழக்கம்போல் வேலை செய்யும். ஆகவே விபத்தின்போது வெளியிலிருப்பவர் குழந்தையைத் தூக்குவதற்கு சைல்டு லாக் தடையாகாது. தடையாகக்கூடியது, எல்லாக் கதவுகளையும் ஒன்றாகப் பூட்டும் சென்ட்ரல் லாக். அது பூட்டியபடியே இருந்தால் வெளிக்கைப்பிடியும் அசைந்துகொடுக்காது. காற்றுப்பை விரிந்ததும் சென்ட்ரல் லாக் தானே விடுபடும் வசதி பல வண்டிகளில் உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. எனவே ஓட்டுநர் பக்கமுள்ள அதன் பொத்தானை இருட்டிலும் தடவிக் கண்டுபிடித்து அழுத்தும் பழக்கம் வீட்டில் வண்டி ஓட்டும் இருவருக்கும் இருக்க வேண்டும்.

சென்ட்ரல் லாக் இருக்கும்போது சைல்டு லாக் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். சில வண்டிகளில் பூட்டிய பின்கதவின் உள்கைப்பிடியை இரண்டாம் முறை இழுத்தாலே கதவு திறந்துவிடும். வேறு சிலவற்றில் குமிழைத் தூக்கினால் போதும். உங்கள் மகள் விஷயத்திலும் இப்படி நடந்திருக்கலாம்.

கடைகளில் சைல்டு லாக் என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் சென்ட்ரல் லாக்கோடு இணைக்கும் ஒரு மின்கருவிதான். அதற்காகக் கதவின் உட்பலகையைக் கழற்றி, வயரை வெட்டி, டேப் சுற்றி ஒட்டுகிறார்கள். அப்படி ஒட்டிய ஒரு கதவு, ஒரு மழைக்காலம் முடிந்தபோது உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்காமல் என்னிடம் வந்தது. வயர் முழுவதும் பச்சைப் பாசி பிடித்ததுபோல் அரித்திருந்தது. அந்தக் கதவுக்குப் பின்னால் தினமும் ஒரு குழந்தை உட்கார்ந்து போயிருக்கிறது.

எவ்வளவு துடைத்தும் லீவர் தென்படவில்லை என்றால், அல்லது லீவர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி மட்டும் இருந்தால், உங்கள் புரோக்கரிடம் கேட்கவேண்டிய கேள்வி வேறு: இந்த வண்டி முன்பு டாக்ஸியாக ஓடியதா? வாடகை வண்டியில் ஏறும் பெண்கள் உள்ளே அடைபடக்கூடாது என்பதற்காக, 2019 ஜூலை முதல் டாக்ஸிகளில் பின்கதவு சைல்டு லாக் கூடாது என்று மத்திய அரசு விதித்தது. அதன்படி பழைய டாக்ஸிகள் சிலவற்றில் லீவரைக் கழற்றினார்கள், சிலவற்றில் உடைத்தே விட்டார்கள். அந்த விதி தேவையானது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதே வண்டி மஞ்சள் போர்டிலிருந்து வெள்ளை போர்டுக்கு மாறும்போது, வரியையும் காகிதத்தையும் பார்க்கிற அலுவலகம், இனி இதில் குழந்தைகள் போவார்களே, பூட்டு இருக்கிறதா என்று கதவைத் திறந்து பார்ப்பதில்லை. புரோக்கரோ பழைய கதையைப் பெயின்டுக்கு அடியில் மறைத்து, ஒரே குடும்பம் ஓட்டிய வண்டி என்று சொல்லி விற்றுவிடுகிறார். டாக்ஸிகளில் கட்டாயமான அவசரப் பொத்தான்கள் இருந்ததற்கான திருகுத் துளைகள் கதவுகளுக்கு நடுவே உள்ள தூணில் தெரிகின்றனவா, மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டவிடாத வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இன்னும் கழற்றப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்.சி.யில் வண்டி வகை மாற்றப்பட்ட குறிப்பு உள்ளதா என்பதையும் ஆர்.டி.ஓ.வில் நேரடியாகக் கேளுங்கள். புரோக்கர் அனுப்பும் போட்டோவை நம்பாதீர்கள். பழைய டாக்ஸிதான் என்று தெரிந்தால், சேஸிஸ் எண்ணோடு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய், சைல்டு லாக் உள்ள கதவுப் பூட்டையே முழுதாக மாற்றித் தரச் சொல்லுங்கள். வயரை வெட்டவேண்டிய தேவையே வராது.

குழந்தை இருக்கையில் சரியாகப் பெல்ட் போட்ட பிள்ளைக்குப் பெரும்பாலும் கைப்பிடி எட்டாது. 14 வயதுக்குட்பட்ட குழந்தையை அப்படிப் பாதுகாப்பாகக் கட்டாமல் கூட்டிச் சென்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம் உண்டு. இந்த நகரத்தின் எந்தச் சிக்னலிலும் அதை ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

லீவர் இருந்தால், இரண்டு பின்கதவுகளிலும் தனித்தனியாகத் தள்ளவேண்டும். ஒன்றைப் பூட்டினால் மற்றது பூட்டாது. பின்னால் பெரியவர்களும் உட்காருவார்கள் என்றால், சாலைப் பக்கம் திறக்கும் வலக்கதவை எப்போதும் பூட்டியே வைத்து, குழந்தையை அந்தப் பக்கமே உட்காரவைத்து, அவர்கள் இடப்பக்கம் இறங்கும்படி செய்யலாம். பூட்டியபின், சென்ட்ரல் லாக்கை விடுவித்துவிட்டு, நீங்களே பின்னிருக்கையில் ஏறி, கதவைச் சாத்தி, உள்கைப்பிடியை வலுவாக மூன்று முறை இழுத்துப் பாருங்கள். பிறகு வீட்டிலுள்ள ஒருவரை வெளியிலிருந்து திறக்கச் சொல்லுங்கள். பவர் விண்டோவுக்கு இந்த லீவர் எதுவும் செய்யாது. பின்கதவுக் கண்ணாடிகள் ஏறி இறங்காமல் நிறுத்திவைக்கும் பொத்தான் பெரும்பாலும் ஓட்டுநர் கதவில் தனியாக இருக்கும். அதையும் இன்றே அழுத்திவிடுங்கள்.